அவுட்பாக்ஸில் மூன்று கடிதங்கள்

நவம்பர் 3, வெள்ளி

முதலில் ஒரு திருத்தம். நான் கம்ப்யூட்டரைக் குடையால் அடித்தேன் என்று மாடியில் குடியிருக்கும் செண்பகவல்லி என் மகனிடம் போனில் சொல்லியிருக்கிறாள். அடிக்கவில்லை. கோயிலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தேன். கையில் குடை இருந்தது. அதன் நுனியால் மேசையை இரண்டு முறை தட்டினேன். மேசை என்னுடையது.

என் சொந்தப் பாஸ்வேர்டையே மறந்துவிட்டேன் என்றும் சொல்லியிருக்கிறாள். அதுவும் தவறு. ஒன்பது வருடமாக ஒரே பாஸ்வேர்டுதான். எட்டு எழுத்து, நான்கு எண். நான் சரியாகத்தான் அடிக்கிறேன். தவறு என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. முதல் தேதியிலிருந்து தினமும் காலையில் இதே கதை.

வேறு வழியில்லாமல் இன்று அவளையே கூப்பிட்டேன். வங்கிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். நின்றபடியே அடித்தாள். திறந்துகொண்டது.

"அதான் தொறந்துட்டுல்லா ஆன்ட்டி. நீங்க வேற என்னமும் அடிச்சிருப்பிய."

"நான் வேற எதுவும் அடிக்கல."

"சரி சரி, கோவப்படாதிய. நாளைக்கும் கூப்பிடுங்க, வாரேன்."

தாளை வாங்கிக் கிழித்துப் போட்டேன்.

அவசரம் இருக்கிறது. பெங்களூரில் இருக்கும் என் மகன் சவியோ அக்டோபர் 29ஆம் தேதி ஒரு ஈமெயில் அனுப்பினான். கோயம்புத்தூரில் முதியோருக்கான குடியிருப்பு ஒன்றில் எனக்கு ஓர் அறை பேசி வைத்திருக்கிறானாம். நவம்பர் 30 வரை அதை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார்களாம். சம்மதமா இல்லையா என்று எழுத்தில் கேட்டிருக்கிறான். எழுத்தில் கேட்டது சரி. இம்மாதிரி விஷயத்தை நான் போனில் பேசுவதில்லை.

எனக்குச் சம்மதம் இல்லை. அதைக் காரணத்தோடு எழுதவேண்டும்.

நவம்பர் 4, சனி

செண்பகவல்லி வந்து திறந்துவிட்டாள். சவியோவுக்குப் பதில் எழுதினேன். வழக்கம்போலக் கடிதத்தைத் தனியாக அடித்துச் சேமித்து, பிழை பார்த்து, பிறகு ஈமெயிலில் ஒட்டினேன். மூன்று காரணங்கள். ஒன்று, சமையலும் கணக்கும் மருந்தும் நானே பார்த்துக்கொள்கிறேன். இரண்டு, இந்த வீட்டில் எனக்குத் தெரியாத சுவிட்சு ஒன்றுகூட இல்லை. மூன்று, மணியடித்தால் சாப்பாடு, மணியடித்தால் தூக்கம் என்று கான்வென்ட் விடுதியில் பதினோரு வருடம் இருந்தாயிற்று. ஒரு ஆயுளுக்கு அது போதும்.

அனுப்பும்போது ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. எதிர்முனையின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லுபடியாகும் காலம் இன்னும் தொடங்கவில்லை, இருந்தாலும் தொடரலாமா என்று கேட்டது. சான்றிதழ் அவர்களுடையது. காலம் தொடங்காத சான்றிதழை வைத்துக்கொண்டு அவர்கள் வேலை நடத்தினால் அதற்கு நான் எப்படி ஒப்புதல் கொடுப்பது? 'இல்லை' என்பதை அழுத்தி மூடினேன். கடிதம் திரையிலிருந்து போய்விட்டது.

மாலையில் மேகம் கட்டியது. கம்ப்யூட்டரை அணைத்துச் சுவிட்சையும் அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிவைத்தேன். ஒரு முறை இடி விழுந்து எங்கள் டிவி கருகியது. அன்றிலிருந்து அக்டோபர் கடைசி நாள் தொடங்கிப் பொங்கல்வரை, வேலை முடிந்த பிறகு எந்தப் பிளக்கும் சுவரில் இருக்கக் கூடாது என்று லாசர் விதி போட்டார். என் கணவர், ஹார்பரில் வேலை பார்த்தவர். அவர் இறந்து நான்கு வருடமாகிறது. விதி இருக்கிறது.

நவம்பர் 5, ஞாயிறு

பூசைக்குப் பிறகு சவியோ போன் செய்தான்.

"மம்மி, மெயிலுக்குப் பதிலே போடலியே?"

"நேத்தே போட்டாச்சு."

"வரலியே மம்மி."

"வந்திருக்கும். நல்லாப் பாரு."

"பாத்துட்டேன். நானும் மறுபடி ஒண்ணு அனுப்பினேனே, வந்துச்சா?"

வரவில்லை என்றேன். "சரி மம்மி, பரவால்ல, மெதுவாப் போடுங்க" என்றான். காய்ச்சல்காரியிடம் பேசுகிற குரல். எனக்குப் பிடிக்கவில்லை.

நவம்பர் 7, செவ்வாய்

அனுப்பிய கடிதத்தை மறுபடி அனுப்பலாம் என்று கோப்புகள் இருக்கும் பட்டியலைத் திறந்தேன். கடைசியாகச் சேமித்தது எப்போதும் பட்டியலின் உச்சியில் நிற்கும். சனிக்கிழமைக் கடிதம் அங்கே இல்லை. உச்சியில் நிற்பது அக்டோபர் 26ஆம் தேதி நகராட்சிக்கு எழுதிய தண்ணீர்க் குழாய்ப் புகார்.

சேமித்தேன். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மறுபடி எழுதினேன். அதே மூன்று காரணங்கள், ஏறக்குறைய அதே வார்த்தைகள். அதே சான்றிதழ் அறிவிப்பு. மூன்று நாளாகியும் அவர்கள் அதைச் சரிசெய்யவில்லை. மூடினேன்.

தபாலில் போட்டுவிடலாம். ஆனால் அவன் கேட்டது ஈமெயிலில். வந்த வழியிலேயே பதில் போவதுதான் முறை.

நவம்பர் 8, புதன்

மழை. கீபோர்டின் பொத்தான்களுக்கு இடையே பஞ்சும் ஸ்பிரிட்டும் கொண்டு துடைத்தேன். கடற்காற்றின் உப்பு. பயனில்லை.

நவம்பர் 10, வெள்ளி

கம்ப்யூட்டர் கடை ஜெயசிங் வந்தார். ஐம்பது வயது இருக்கும். நாசரேத்துக்காரர். சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர்.

"என்ன மேடம் செய்யுது?"

"என்ன செய்யுதுன்னு தெரிஞ்சா ஒங்கள ஏன் கூப்பிடுதேன்?"

சிரித்தார். கம்ப்யூட்டரைப் போட்டுப் பாஸ்வேர்டு கேட்டார். தாளில் எழுதிக் கொடுத்தேன். அடித்தார். முதல் தடவையிலேயே திறந்தது. எனக்கு முகம் சுட்டது.

"நல்லாத்தான ஓடுது மேடம்! சும்மா பயந்துட்டிய."

கோப்பு காணாமல்போனதைச் சொன்னேன். "சேவ் பண்ண மறந்திருப்பிய" என்றார். மறக்கவில்லை என்றேன். உடனே பெட்டியின் மூடியைக் கழற்றி, பென்சில் ரப்பர் இருக்கிறதா என்று கேட்டார். கொடுத்தேன். உள்ளே இருந்த பச்சைப் பட்டை ஒன்றை எடுத்து, அதன் தங்கநிறப் பற்களை ரப்பரால் தேய்தேய் என்று தேய்த்துத் திரும்பச் சொருகினார். "இனி ஒண்ணும் வராது." ரப்பர் கறுப்பாகிவிட்டது.

நவம்பர் 11, சனி

மறுபடி தவறு என்கிறது.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. வெடிச்சத்தத்தில் சவியோ பேசியது பாதிதான் கேட்டது. பதில் இன்னும் வரவில்லையாம். நான் இரண்டு முறை அனுப்பிவிட்டேன் என்றேன். அவனும் மூன்று அனுப்பிவிட்டானாம். எனக்கு ஒன்றும் வரவில்லை. பின்னால் மருமகள் ஷீபா, "சண்ட போடாதீங்க, நேர்ல போய் பாத்துக்கலாம்" என்று சொல்வது கேட்டது.

"மம்மி, நான் முப்பதாந்தேதி வியாழக்கிழமை வாரேன். வந்து பேசுவோம்."

"பேச என்ன இருக்கு? எழுதியாச்சு."

"எங்க மம்மி எழுதுனிய?"

இதை என் மகன் என்னிடம் கேட்டான். முப்பத்தொரு வருடம் கப்பல் ஏஜென்சியில் சரக்குப் பட்டியல் அடித்தவளிடம். ஒரு மூட்டை கூடக் குறைய வந்ததில்லை.

நவம்பர் 13, திங்கள்

செண்பகவல்லி முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்தாள். அவள் மகளுக்குப் பரீட்சை எப்போது என்று கேட்டேன்.

"நேத்தும் இதத்தான கேட்டிய ஆன்ட்டி. அடுத்த வாரம்."

நேற்று நான் அவளைப் பார்க்கவே இல்லை. பண்டிகை அலுப்பில் ஏதோ பேசுகிறாள். அதிரசம் நன்றாக இருந்தது. வெல்லம் சற்றுக் கூடுதல்.

நவம்பர் 16, வியாழன்

சவியோ அக்டோபர் 29இல் எழுதியதற்கு இன்னும் பதில் போடவில்லை. தாமதிப்பது மரியாதை அல்ல. செண்பகவல்லி காலையில் திறந்துவைத்துப் போயிருந்தாள். உட்கார்ந்து எழுதி முடித்தேன். மூன்று காரணங்கள். அனுப்பும்போது சான்றிதழ் பற்றி ஏதோ கேட்டது, மூடிவிட்டேன்.

நான்கு மணிக்கே இருட்டிவிட்டது. வாசல் விளக்கைப் போட்டுவைத்தேன். மழையில் வருகிறவருக்குப் படி தெரிய வேண்டும்.

நவம்பர் 18, சனி

ஜெயசிங் மறுபடி வந்தார். இம்முறை ஒரே முடிவு வைத்திருந்தார்.

"ஃபார்மட் அடிச்சிருவோம் மேடம். எல்லாம் அழிஞ்சி புதுசு மாரி ஆயிரும்."

"எல்லாம்னா?"

"எல்லாம்தான்."

"ஒங்க வீட்ல ஒரு கொழா ஒழுகுனா வீட்ட இடிப்பியளா?"

"என்ன மேடம் இப்பிடிக் கேக்கிய..."

"எது கெட்டிருக்குன்னு தெரியாம எதையும் அழிக்கக் கூடாது. பாஸ்வேர்ட அடிங்க, நான் பாக்கேன்."

இம்முறை அவர் முகத்தைப் பார்க்கவில்லை, திரையைப் பார்க்கவில்லை. விரல்களைப் பார்த்தேன். டைப் அடித்தவளுக்கு மற்றவர் விரல் பாடப்புத்தகம் மாதிரி. அவர் இரண்டு ஆள்காட்டி விரலால் கோழி கொத்துவதுபோல் அடிக்கிறார். எழுத்துகளை அடித்துவிட்டு, எண்களை எழுத்துகளுக்கு மேலே இருக்கும் வரிசையில் தேடித் தேடி அடித்தார்.

நான் எண்களை அங்கே அடிப்பதில்லை. வலது ஓரத்தில் எண்களுக்கென்றே தனியாக இருக்கும் கட்டத்தில் அடிப்பேன், பார்க்காமலே. அலுவலகத்தில் கூட்டல் மெஷின் கொடுத்த நாளிலிருந்து என் வலது கை அங்கேதான் போகும்.

அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினேன்.

நவம்பர் 20, திங்கள்

செண்பகவல்லியைக் கூப்பிடவில்லை. எண்களை மேல் வரிசையில் அடித்தேன். திறந்தது.

கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டேன். எண்களை வலதுபக்கக் கட்டத்தில் அடித்தேன். தவறு என்றது. பாஸ்வேர்டு சரி. நான் சரி. அந்தக் கட்டம் எண்களை ஏற்கவில்லை. உற்றுப் பார்த்தால், கட்டத்தின் மேலே எரிய வேண்டிய சிறு பச்சை விளக்கு எரியவில்லை. பக்கத்தில் இருந்த பொத்தானை அழுத்தினேன். எரிந்தது. கட்டத்தில் அடித்தேன். திறந்தது.

இருபது நாள். இத்தனை நாளாக அந்தப் பெண்ணிடம் தாள் நீட்டிக்கொண்டிருந்தேன்.

ஆனால் முன்பெல்லாம் தானாக எரிந்த விளக்கு இப்போது ஏன் தினமும் அணைந்துகிடக்கிறது? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். இன்று கம்ப்யூட்டரை அணைத்தேன், பிளக்கைப் பிடுங்கவில்லை. லாசரின் விதியை முதல்முறையாக மீறுகிறேன். வானம் தெளிவாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 21, செவ்வாய்

விளக்கு எரிந்தது. மாலையில் பிளக்கைப் பிடுங்கினேன்.

நவம்பர் 22, புதன்

விளக்கு எரியவில்லை. ஜெயசிங்குக்குப் போன் செய்தேன்.

"பிளக்கப் பிடுங்குனா மறுநாள் அந்த நம்பர் லைட்டு அணைஞ்சிருது. பிடுங்காட்டா எரியுது. ஏன்?"

"பிளக்கப் பிடுங்குவியளா? எதுக்கு மேடம்?"

"இடிக்கு."

எதிர்முனையில் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. "அய்ய, பேட்டரி மேடம்! உள்ள ஒரு சின்ன பேட்டரி இருக்கும். அது செத்துப்போச்சி. கரண்டு நின்னா எல்லாத்தையும் விட்டுரும்."

"அத முதல் நாளே பாத்திருக்கலாமே?"

"பிளக்க ஒருத்தர் தெனமும் பிடுங்குவாகன்னு நான் கண்டனா? நாளைக்கு வாரேன்."

நவம்பர் 23, வியாழன்

பேட்டரி ஒரு நாணயம் அளவுதான் இருக்கிறது. ஒன்பது வருடம் உழைத்திருக்கிறது. ஜெயசிங் புதியதைப் போட்டுவிட்டு, "இப்ப தேதியச் சரிபண்ணணும்" என்றார். எந்தத் தேதி என்றேன். திரையின் வலது கீழ்மூலையில் சவியோ தன் போன் எண்ணைச் சீட்டில் எழுதி ஒட்டிவிட்டுப் போயிருந்தான், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று. ஜெயசிங் அதை உரித்தார். சீட்டின் அடியில் தேதி இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஜனவரி முதல் தேதி.

"தெனமும் பிளக்கப் பிடுங்குனதுல தெனமும் அந்தத் தேதிக்கே போயிருக்கு மேடம். தேதி தப்பா இருந்தா மெயில் போவாது, வராது. அதான் சான்றிதழ் காலம் தொடங்கலன்னு சொல்லிருக்கும். கம்ப்யூட்டர் கணக்குல சான்றிதழ் குடுத்த வருசமே இன்னும் பொறக்கலல்லா."

ஆக, சான்றிதழில் குற்றமில்லை. அந்த அறிவிப்பைச் சரியாகப் படித்தேன், தவறாகப் புரிந்துகொண்டேன். இதை ஒப்புக்கொள்கிறேன்.

காணாமல்போன கோப்பையும் காட்டினார். பட்டியலின் உச்சியில் அல்ல, அடியில், ஒன்பது வருடத்துப் பழைய கோப்புகளுக்கும் கீழே கிடந்தது. நான் சேமிக்க மறக்கவில்லை. அதை அவர் வாயாலேயே சொல்லச் சொன்னேன். சொன்னார்.

பிறகு ஈமெயிலைத் திறந்தார். "நீங்க அனுப்புனது எல்லாம் அவுட்பாக்ஸ்ல அப்பிடியே கெடக்கு. தேதியச் சரிபண்ணிட்டேன்னா அதுபாட்டுக்குப் போயிரும். மூணு இருக்கு."

"ரெண்டு" என்றேன்.

"மூணு மேடம். எல்லாம் ஒங்க மகனுக்குத்தான்."

திறந்து காட்டினார். முதலாவது, நான்காம் தேதி எழுதியது. இரண்டாவது, ஏழாம் தேதி எழுதியது. மூன்றாவதைப் படித்தேன். என் நடைதான். நிறுத்தக்குறிகள்கூட என்னுடையவைதான்.

அவரும் தோளுக்குப் பின்னால் நின்று படித்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி, "இந்த மூணாவத மட்டும் அழிச்சிரவா மேடம்? ஒரே லெட்டர் மூணு தடவ போனா நல்லாருக்காது" என்றார்.

"இன்டர்நெட் வயரு எது?"

காட்டினார். நானே உருவினேன். இப்போது தேதியைச் சரிசெய்யலாம் என்றேன். செய்துவிட்டுக் காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

நவம்பர் 24, வெள்ளி

மூன்றாவதை நான் எழுதவில்லை என்று நேற்று முழுவதும் நினைத்தேன். செண்பகவல்லி எழுதியிருப்பாளோ என்றுகூட நினைத்தேன். அதற்காக இங்கே வருத்தம் தெரிவிக்கிறேன்.

இன்று காலை இந்தக் குறிப்புப் புத்தகத்தை முதலிலிருந்து படித்தேன். பதினாறாம் தேதிப் பக்கத்தில் நான் எழுதினேன் என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. ஏற்கெனவே இரண்டு கடிதம் எழுதியவள், முதல்முறை எழுதுவதுபோல் எழுதியிருக்கிறேன். வாசல் விளக்கை யாருக்காகப் போட்டேன் என்று அங்கே எழுதவில்லை. இப்போது தெரிகிறது.

நேற்று ஒரு வரியை எழுதாமல் விட்டேன். இன்று எழுதிவிடுகிறேன். மூன்றாவது கடிதத்தில் மூன்று காரணங்களுக்குப் பிறகு, முடிவில் இப்படி இருக்கிறது: "உன் டாடி ஹார்பருக்குப் போயிருக்கிறார். வந்ததும் அவரையும் கேட்டு முடிவாக எழுதுகிறேன்."

பேட்டரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நவம்பர் 25, சனி

அழிக்கவில்லை. அனுப்பவும் இல்லை. ஒரு பொத்தான்தான். அழித்துவிட்டால் எல்லாக் குற்றமும் பேட்டரியின்மேல் போய்விடும். ஜெயசிங் சாட்சி சொல்வார். சவியோவை என்னிடம் மன்னிப்புக் கேட்க வைக்கலாம். வீட்டிலேயே இருந்துவிடலாம்.

பீரோவில் துணிகளை எடுத்து மடித்து அடுக்கினேன். இரண்டு மணி நேரம்.

நவம்பர் 26, ஞாயிறு

சவியோ போனில், "வியாழக்கிழமை காலைல ரயில்ல வந்து எறங்குறேன் மம்மி" என்றான்.

"கம்ப்யூட்டர்ல பேட்டரி செத்திருந்துச்சு. அதான் ஒனக்கு எதுவும் வரல. மாத்தியாச்சு."

"அப்படியா! அப்ப நீங்க நெஜமாவே எழுதியிருக்கிய!" குரலில் அவ்வளவு சந்தோஷம். அப்போதே நிறுத்தியிருக்கலாம். அவன் அதோடு திருப்திப்பட்டிருப்பான்.

"நாளைக்கு வரும். எல்லாத்தையும் படி" என்றேன்.

நவம்பர் 27, திங்கள்

காலை பத்தரைக்கு வயரைச் சொருகினேன். மூன்று கடிதமும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. மூன்றையும்தான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அதே மூச்சில் அவனுடைய நான்கு ஈமெயிலும் வந்து விழுந்தன. முதல் மூன்றில் ஒன்றுமில்லை. பதில் கேட்டவைதான். நான்காவது நவம்பர் 14ஆம் தேதியிட்டது. அதிலிருந்து அவன் எழுதியபடியே:

"மம்மி, பாஸ்வேர்டு பிரச்சினைக்காக நான் கோயம்புத்தூர் பேச்சை எடுக்கவில்லை. அது எனக்கும் நடக்கும். செப்டம்பரில் ஒரு ஞாயிறு போனில் பேசும்போது, 'இரு, உன் டாடிக்குச் சோறு எடுத்துவைத்துவிட்டு வருகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். திரும்பி வந்து வேறு பேச்சு பேசினீர்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஷீபாவிடம்கூடச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் அறை, வசதி என்று ஏதேதோ எழுதினேன். ஒரு வரி பதில் போடுங்கள், போதும்."

நான் பேட்டரியைத் துரத்திக்கொண்டிருந்த நாளெல்லாம் அவன் இதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

பதினொன்றரைக்கு உட்கார்ந்து எழுதி அனுப்பிய கடிதத்தின் நகலை இங்கே சேர்க்கிறேன்.

அன்புள்ள சவியோ,

இன்று என்னிடமிருந்து உனக்கு மூன்று கடிதங்கள் வந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் கணக்குச் சொல்கிறேன்.

முதலாவது எழுதியதை அறிவேன். இரண்டாவது, முதலாவதைக் காணோம் என்று எழுதியது. அதற்குப் பேட்டரி பொறுப்பு. மூன்றாவதை எழுதியது எனக்கு நினைவில்லை. அதன் கடைசி வரியை நீ படித்திருப்பாய். அது தட்டச்சுப் பிழை இல்லை. அழித்திருக்க முடியும். உன்னிடம் மறைத்துவிட்டு இந்த வீட்டில் ஜெயித்து உட்கார எனக்கு விருப்பமில்லை.

உன் 14ஆம் தேதிக் கடிதத்தை இப்போதுதான் படித்தேன். செப்டம்பரில் நான் சொன்னதாக நீ எழுதியதும் எனக்கு நினைவில்லை. நீ பொய் எழுதுகிறவன் அல்ல. ஆகவே அது நடந்தது.

இது எங்கே கெட்டிருக்கிறது, எவ்வளவு கெட்டிருக்கிறது என்று தெரியாமல் நான் எதற்கும் சம்மதிக்க மாட்டேன், எதையும் மறுக்கவும் மாட்டேன். புதன்கிழமை நரம்பு மருத்துவரைப் பார்க்கப் பெயர் கொடுத்திருக்கிறேன். செண்பகவல்லி உடன் வருகிறாள். என்னைப் பற்றி அவள் உன்னிடம் சொன்னதில் இரண்டு தவறு, மற்றவை சரியாக இருக்கலாம். அவளிடமும் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ வியாழக்கிழமை வா. கோயம்புத்தூர் அறையை விட்டுவிட வேண்டாம், உறுதி செய்யவும் வேண்டாம். மருத்துவர் சொல்வதைக் கேட்டபின் நாம் இருவரும் நேரில் போய் அதைப் பார்க்கலாம். ஜன்னல் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவேண்டும்.

மருத்துவரிடம் கொடுக்க எனக்கு ஒரு பட்டியல் வேண்டும். இந்த ஒரு வருடத்தில் நான் உன்னிடம் மாற்றிப் பேசியது, திரும்பத் திரும்பக் கேட்டது, உன் டாடி இருப்பதாக நினைத்துச் சொன்னது, ஒவ்வொன்றும் தேதியோடு. தேதி தெரியாவிட்டால் மாதம். எனக்கு வருத்தமாக இருக்கும் என்று எதையும் விட்டுவிடாதே. போனில் சொல்ல வேண்டாம், சொன்னது என்னிடம் நிற்குமா என்று இப்போது எனக்குத் தெரியாது. நாளை மாலைக்குள் எழுத்தில் பதில் அனுப்பு.